கருவி வாயை மூடியபோது

எக்ஸ்ரே அறை மேசைமேல் கருவியை வைத்துவிட்டு, அவர் தடுப்புச் சுவருக்குப் பின்னால் நின்ற மனைவியிடம் வந்தார். அந்த மருத்துவமனையில் எக்ஸ்ரே இயந்திரம் அவள் பொறுப்பு. கருவி அவர் செய்தது. கதிர் பட்டால் 'டொக்' என்று சத்தம் கொடுத்து எண்ணும். இதே போன்ற இன்னொன்று செயற்கைக்கோளில் பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆனால் சுற்றும் பாதையில் மிக உயரே போகும்போதெல்லாம் அது ஊமையாகிவிடுகிறது. கருவி கெட்டது, அடுத்த செயற்கைக்கோளுக்கு இது வேண்டாம் என்று நாளை நடக்கும் கூட்டத்தில் முடிவெடுக்கப் போகிறார்கள்.

"ஆரம்பிம்மா."

டொக்... டொக்...

"நல்லாத்தானே வேலை செய்யுது! இதையே போய்ச் சொல்லுங்க."

"இன்னும் கூட்டு."

சத்தம் அடைமழையாகப் பொழிந்தது.

"போதுங்க, மானம் தப்பிச்சுது."

"கூட்டும்மா!"

கூட்டினாள். சட்டென்று சத்தம் நின்றுபோனது. அவள் முகம் வாடிவிட்டது.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேன், கேட்டீங்களா? இதுவும் போச்சு."

அவரோ துள்ளிக் குதித்தார். "இப்போ குறை!"

குறைத்தாள். டொக்... டொக்...

"பார்த்தியா, கெடலை! கதிர் எக்கச்சக்கமா வந்தா, ஒண்ணை எண்ணி முடிக்கிறதுக்குள்ள அடுத்தது வந்து விழுது. இது திணறி நின்னுடுது. அப்போ மேலே நம்ம கருவி ஊமையான இடத்துல கதிர் இல்லாம இல்ல, கொட்டிக் கிடக்குது! நாளைக்கு இதைச் சொன்னா, வேண்டாங்கறதாவது, இன்னும் ரெண்டு கேட்பாங்க!"

அவள் இயந்திரத்தை அணைத்தாள்.

"கருவி பேசலைன்னா இவ்வளவு யோசிக்கிறீங்க. நான் பேசலைன்னா மட்டும், கோபமே இல்லைன்னு நிம்மதியாத் தூங்கப் போயிடுறீங்க!"