ஊருக்கு வராத பேப்பர்

“‘பூட்டுக் கடையில் பூட்டை உடைத்துத் திருட்டு!’ அக்கா, இதைக் கேளுங்க. நம்ம திண்டுக்கல்லுலதான்!”

ஏணியின் உச்சியில் நின்று ஜோதிமணி வாசிக்க, கீழே சுண்ணாம்பு கலக்கிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அய்யம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

“ஊருக்கெல்லாம் பூட்டு வித்தவன், தன் கடைக்கு வெளியூருப் பூட்டைப் போட்டிருப்பான்டி. மேல வாசி.”

“‘வெங்காய விலை கிடுகிடு உயர்வு. கிலோ ஒரு ரூபாய். இல்லத்தரசிகள் கண்ணீர்.’”

“ஒரு ரூவாய்க்கா? உரிக்காமலே அழுதிருக்காளுக பாரு!”

பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் பரணை ஒழித்தபோதுதான் அந்தக் கட்டு அகப்பட்டது. சாக்கு சுற்றி, சணலால் இறுக்கிக் கட்டிய பழைய பேப்பர்கள். மாமியார் ஜக்கம்மாள் முத்தாலம்மன் கோயிலுக்குப் போயிருந்தாள். கணவன் ரங்கசாமி காய் மூட்டையோடு சந்தைக்குப் போயிருந்தான். அதட்ட ஆளில்லாத வீட்டில் இரண்டு பெண்களுக்கும் சிரிப்பு தாராளமாக வந்தது.

“‘விண்வெளி நிலையம் ஸ்கைலாப் எங்கே விழும்? மக்கள் பீதி.’”

“ஆத்தாடி, அந்த ஸ்கைலாப்பா! உலகம் அழியப்போகுதுன்னு, நான் அடைக்கு வச்சிருந்த கோழியை என் கொழுந்தன் அடிச்சுத் தின்னுட்டாரு. மறுநாளு பொழுது நல்லாத்தான் விடிஞ்சுச்சு. என் கோழிதான் இல்ல! சரி, அடுத்ததை எடு.”

ஜோதிமணி அடுத்ததை எடுத்தாள். ‘பூட்டுக் கடையில் பூட்டை உடைத்துத் திருட்டு.’

அதற்கடுத்ததிலும் அதே பூட்டு, அதே வெங்காயம். கட்டின் அடியிலிருந்து ஒன்றை உருவினாள். அதிலும் ஸ்கைலாப்.

“அக்கா... எல்லாம் ஒரே நாளு பேப்பரா இருக்கு.”

கட்டோடு கீழே இறங்கி, ஒன்றைத் திருப்பினாள். கடைசிப் பக்கத்தில், உள்ளங்கை அகலத்துக்கு, கத்தரிக்கோலால் சதுரமாக வெட்டிய ஓட்டை. இன்னொன்றைத் திருப்பினாள். அதே இடத்தில் அதே ஓட்டை. கட்டு முழுக்க அப்படித்தான்.

அந்தத் தாளை உயர்த்திப் பிடித்தாள். கூரை ஓட்டின் இடுக்கு வழியே வந்த வெயில், ஓட்டைக்குள் புகுந்து, அவள் அடிவயிற்றில் சதுரமாக விழுந்தது.

அய்யம்மாளின் சிரிப்பு நின்றுபோனது. “தேதியைப் பாருடி.”

பார்த்தாள். “எங்க கல்யாணத் தேதிக்கா.”

“அன்னைக்கு நம்ம ஊருக்குப் பேப்பரே வரலையே! டீக்கடையில உக்காந்துக்கிட்டு எங்க வீட்டுக்காரரு பந்திக்குக்கூட வராமப் புலம்புனாரே. ஊருக்கே வராத பேப்பரு உங்க பரணுக்கு எப்படிடி வந்துச்சு?”

அய்யம்மாள் குரலைத் தாழ்த்தினாள்.

“செய்வினைடி இது. நல்ல நாளைப் புடிச்சு, அதுல ஓட்டையைப் போட்டு, நீ படுக்கிற தலைக்கு மேல வச்சிருக்காங்க. ஏழு வருசமா உன் வயிறு ஏன் தெறக்கலைன்னு இப்பத்தானே தெரியுது!”

ஏழு வருடமும் அவள் அந்தப் பரணுக்குக் கீழேதான் பாய் விரித்திருந்தாள். கொடியில் கிடந்த சேலைகளை உருவி மஞ்சள் பையில் திணித்தாள்.

“சித்தையன்கோட்டைக்கு, எங்க அப்பா வீட்டுக்கே போயிர்றேன்க்கா. அவரு வந்தா சொல்லிருங்க. இனி இந்த வீட்டு வாசப்படியை மிதிக்க மாட்டேன்.”

வாசலில் நிழல் விழுந்தது. ஜக்கம்மாள் கோயிலிலிருந்து வந்துவிட்டாள். வழக்கம்போல் குங்குமத்தைக் கிள்ளி மருமகள் நெற்றிக்குக் கொண்டுபோனாள். ஜோதிமணி சட்டென்று பின்வாங்கினாள். தரையில் கிடந்த பேப்பர் கட்டைக் கண்டதும் ஜக்கம்மாள் கையை இறக்கினாள்.

“அய்யம்மா, நீ கொஞ்ச நேரம் உன் வீட்டுக்குப் போயிட்டு வா.”

அய்யம்மாள் மறுபேச்சு பேசாமல் நழுவினாள்.

“யாருக்கு அத்தை இந்தச் செய்வினை? எனக்கா?” ஜோதிமணி மஞ்சள் பையைக் கையில் எடுத்துக்கொண்டாள். “அன்னைக்கு எங்க அப்பா அம்மை போட்டுப் படுத்தாரு. நான் தாலி வாங்குறதைக்கூட அவரால பாக்க முடியலை. அதுவும் இதனாலதானா?”

ஜக்கம்மாள் மெல்ல உட்கார்ந்தாள். சிதறிக் கிடந்த தாள்களைக் காலில் படாமல் ஒதுக்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“காகிதம் சரஸ்வதி. எரிக்க மனசு வரலை. எடைக்குப் போட்டா, ஓட்டை எதுக்குன்னு கேப்பாங்க. வெட்டுன துண்டுகளை மட்டும் அந்தச் சரஸ்வதித் தாயார்கிட்ட மன்னிப்புக் கேட்டு அடுப்புல போட்டேன்.”

“அதுல என்ன இருந்துச்சு? உங்க மகனைப் பத்தியா?”

“அவனுக்கு இன்னிக்கு வரைக்கும் ஒண்ணும் தெரியாது. உன் கல்யாணத்துக்கு முந்துன நாளு, ஒரு மனுசன் தான் வேலை பாத்த நகைப் பட்டறையிலயே கை வச்சு, போலீசுல மாட்டிக்கிட்டாரு. நல்ல மனுசன்தான். வீட்டு விசேசம், கையில குண்டுமணி தங்கம் இல்லை; புத்தி தடுமாறிருச்சு. நகை திரும்பிருச்சு, முதலாளியும் ரெண்டொரு நாள்ல மன்னிச்சு விட்டுட்டாரு. ஆனா பேரு, ஊரோட பேப்பர்ல வந்துருச்சே! போலீசு மன்னிச்சாலும் டீக்கடை மன்னிக்குமா? ராத்திரியே எனக்குச் சேதி தெரிஞ்சுபோச்சு, அதான் விடியக்காலம் முத பஸ்ஸுல நம்ம ஊருக்கு எறங்குன பேப்பர் கட்டை, பலகாரம் மடிக்கணும்னு சொல்லி அம்புட்டையும் நானே வாங்கிட்டேன்.”

“கல்யாண வேலையை எல்லாம் விட்டுட்டு, யாரோ ஒருத்தருக்காகவா அத்தை? அந்த மனுசன் நமக்கு என்ன வேணும்?”

ஜக்கம்மாள் எழுந்தாள். மருமகள் கையிலிருந்த பையை வாங்கி உள்ளே வைத்தாள். விட்டுப்போன குங்குமத்தை அவள் நெற்றியில் வைத்துவிட்டு, சுவருக்கும் கேட்காத குரலில் சொன்னாள்:

“உங்க அப்பாருக்கு அன்னைக்கு அம்மையே போடலை, தாயி.”