சூடு ஆறாத மேளம்

கென்யக் கரையின் லாமுவிலிருந்து தெற்கே கொமோரோஸ் தீவுகளுக்குப் போகும் பாய்க்கப்பலில் ஒரே ஒரு வாத்தியத்துக்குத்தான் இடம். போய்த் திரும்ப இரண்டு மாதம் என்பதால் எல்லோரும் ஊதுகுழலைத்தான் எடுத்துப்போவார்கள். மேளமென்றால் உப்புக்காற்றில் தோல் தொய்ந்துவிடும். ஒவ்வொரு முறையும் நெருப்பில் சூடு காட்டிய பிறகே வாசிக்க முடியும்.

சுக்கான் பிடிக்கும் கொம்போ மேளத்தோடு வந்தான். போன வருஷம் அவன் அண்ணன் ஷெக்குவேயோடு கடலில் மூழ்கிப்போன மேளம். நேற்றுக் காலை கரையில் ஒதுங்கிக் கிடந்தது.

"அதை ஏத்தாதே," என்றார் கப்பல் தலைவரான நகோதா ஃபமாவு. "கடல் துப்பினதைத் திரும்பக் கடலுக்கே கொண்டுபோறியா? கிறுக்கா உனக்கு?"

"கடல் துப்பல, நகோதா. அண்ணன் அனுப்பியிருக்கான். தொட்டுப் பாருங்க."

ஃபமாவு தொட்டார். தோல் விறைப்பாக இருந்தது. அப்போதுதான் நெருப்பிலிருந்து எடுத்ததுபோல் சுட்டது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"இறக்கு அதை!"

"இறக்கினா நானும் இறங்குறேன். சுக்கானுக்கு வேற ஆள் பாத்துக்கங்க."

வடகாற்று பிறந்துவிட்டது, ஆள் தேட நேரமில்லை. இந்தச் சூடு எத்தனை நாளைக்கு நிற்கும் என்று ஃபமாவு திட்டிக்கொண்டே, மேளத்துக்குச் சூடு காட்ட ஒரு மூட்டைக் கரியை ஏற்றச் சொன்னார்.

கொம்போ அந்த மூட்டையைத் தூக்கிக் கரையில் எறிந்தான்.

"கரி எதுக்கு? சூடு காட்டக் கடலுக்குள்ள ஆள் இருக்கு."