பழைய மாத்திரை

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய சௌந்தரராஜன், மனைவி வீரலட்சுமியிடம் மாத்திரை அட்டையைக் கொடுத்தார்.

"நுரையீரல் கிருமி எந்த மருந்துக்கும் அடங்கல. இது குடிய நிறுத்தறதுக்குக் குடுக்கற பழைய மாத்திரையாம், போட்டுட்டுக் குடிச்சா கொடலப் பெரட்டிரும். கிருமியக் கொல்லுதான்னு ஆராய்ச்சி பண்றாங்க. நானும் சேந்துட்டேன்."

அவள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"போடாதீங்க. டோஸ் ஜாஸ்தியாயிடும். ஆறு மாசமா உங்க மதியச் சாம்பார்ல இதத்தான் பொடிச்சுக் கலக்கறேன்."

"போன சனிக்கிழமைகூட அத்திப்பள்ளி ஒயின் ஷாப்புக்குப் போய்க் குடிச்சேனே. ஒண்ணும் ஆகலையே."

"அதான் எனக்கும் புரியல."

சௌந்தரராஜன் சமையல் மேடையில் கவிழ்த்திருந்த டிபன் பாக்ஸைப் பார்த்தார்.

"கம்பெனியில நானும் பூபதியும் டிபன் பாக்ஸ் மாத்திக்குவோம். உன் சாம்பார்னா அவனுக்கு உசுரு."

"அப்ப அவரு?"

"குடிச்சாலே வாந்தின்னு விட்டுட்டான். குலசாமிதான் தடுத்துச்சுன்னு போன மாசம் கெடா வெட்டினானே. நீகூட ரெண்டு தடவ கறி வாங்கிச் சாப்பிட்ட."