கொளுத்தாத குவியல்

ராஜகிரிக் கோட்டைக்குப் பின்னால் சூரியன் இறங்கிவிட்டது. மரவாடியில் ரம்பம் ஓய்ந்துகிடக்கிறது. ஆள் உயரம் குவிந்த மரத்தூளின் முன்னால் மரவாடிக்காரர் ஸ்ரீபால் நயினார் தீப்பெட்டியோடு நிற்கிறார். பகலில் எரித்தால் தெருவெல்லாம் புகை, இனி இருட்டிய பிறகுதான் எரிக்கவேண்டும் என்பது பஞ்சாயத்து உத்தரவு. பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துவிடும் சமணர் அவர். உத்தரவு வந்த நாளிலிருந்து தினமும் சாப்பிட்டுவிட்டு வந்து இப்படித்தான் நிற்கிறார். காலடியில் இருக்கும் அரிக்கேன் விளக்கின் கண்ணாடியில் பூச்சிகள் மோதுகின்றன. ஒரு குச்சியை எடுக்கிறார், பூச்சிகளைப் பார்க்கிறார், குச்சியைத் திரும்பப் பெட்டிக்குள் வைக்கிறார்.

புகையைப் பற்றிப் பஞ்சாயத்தில் மனு கொடுத்த எதிர்வீட்டுப் பவுனம்மாள், இருமும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வருகிறாள். “இன்னா நயினாரே, இருட்டிப்போச்சே, இன்னும் கொளுத்தலியா?” “நெருப்பைப் பார்த்தா பூச்சிங்க வந்து விழுந்து சாவுதும்மா. பகல்ல கொளுத்துனா உன் கொழந்தைக்கு ஆவல. நான் இன்னா பண்றது?” அவள் குழந்தையின் முதுகைத் தடவியபடி குவியலையே பார்க்கிறாள். பிறகு வீட்டுக்குப் போய் ஒரு கூடையோடு வருகிறாள். “இதுல போடுங்க. காலைல தூள் அடுப்புல திணிச்சி எரிச்சிக்கிறேன், அதுல அவ்வளவா புகை வராது. தெருவுல மத்தவங்களுக்கும் சொல்றேன்.” நயினார் குந்துகிறார். ஒவ்வொரு கைத் தூளையும் விரலால் கிளறி, வண்டு புழு இல்லையென்று பார்த்த பிறகே கூடையில் போடுகிறார். கூடை நிரம்புவதற்கு நேரமாகும். பவுனம்மாள் அவசரப்படுத்தவில்லை. குனிந்து, அவர் விரல்கள் தெரிகிற அளவுக்கு மட்டும் வெளிச்சத்தை விட்டு, விளக்கின் திரியைத் தாழ்த்துகிறாள்.