நான்கு மில்லிகிராம்

மரபணு எழுத்து ஒன்றைப் போலவே இருக்கும் போலி எழுத்தைச் செய்து முடிக்கச் செண்பகவல்லிக்குப் பதினான்கு மாதம் பிடித்தது. மரபணுவை நகலெடுக்கும் கிருமியின் நொதி அதை அசல் என்று நம்பி எடுத்துக்கொண்டு, அத்தோடு வேலையை நிறுத்திவிட வேண்டும். கிடைத்தது நான்கு மில்லிகிராம் வெள்ளைத் தூள். பொங்கல் விடுமுறை முடிந்து வந்த காலையில், அதைச் சோதித்துச் சொல்லும் பொறுப்பு அதே ஆய்வகத்தில் வேலை செய்த இஸ்மாயிலுக்கு. பல அளவுகளில் பார்க்க வேண்டியிருந்ததால் முழுவதையும் கரைத்து நொதியோடு சேர்த்தான். நொதி வேலை செய்தால் திரையில் மேலே ஏறும் கோடு, எந்த அளவிலும் ஏறவில்லை.

"நின்னுடுச்சா?" என்று பின்னாலிருந்து செண்பகவல்லி கேட்டாள்.

"நின்னுடுச்சு."

அவள் முக்காலியில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதாள். பிறகு பேராசிரியரிடம் சொல்லப் போனாள்.

முதலிலேயே செய்திருக்க வேண்டியதை இஸ்மாயில் அப்போதுதான் செய்தான். தூள் கலக்காத வெறும் தண்ணீரை நொதியில் விட்டான். அப்போதும் கோடு ஏறவில்லை. எழுந்து போய், காலையில் அவசரத்தில் நொதியை மட்டும் எடுத்து மூடிய உறைபெட்டியைத் திறந்து உற்றுப் பார்த்தான். பனியெல்லாம் உருகி வழிந்து, அடித்தட்டில் கண்ணாடிபோல மறுபடி உறைந்திருந்தது. விடுமுறையில் மின்சாரம் நெடுநேரம் போயிருக்கிறது. நொதி எப்போதோ செத்துவிட்டது. அவன் அதன்மேல்தான் எல்லாவற்றையும் ஊற்றியிருந்தான்.

வராந்தாவில் அவளுடைய சிரிப்புச் சத்தம் நெருங்கி வந்தது. கூடவே பேராசிரியர்.

"சார் கண்ணால பாக்கணுமாம். இன்னொரு தடவை ஓட்டிக் காட்டுங்க இஸ்மாயில்."

அவன் முக்காலியை அவள் பக்கம் நகர்த்தினான்.

"செண்பகம், கொஞ்சம் உக்காருங்க."