வானில் இரண்டு பெண்கள்

ஹெர்த்தா கண்ணை மூடிக்கொண்டு மைக்கை உதட்டருகே இழுத்தாள். மூடினால்தான் அவளுக்கு அந்த வானம் தெரியும்.

இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் ஒரு குன்றின்மேல் இருந்த அந்தச் சின்ன அறைக்குள், கடலுக்கு அப்பால் பறந்துகொண்டிருந்த ஜெர்மானிய விமானிகளின் குரல்கள் மிதந்து வந்தன. பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானங்களைத் தேடும் அவர்களை, அவர்களுடைய தளத்திலிருந்தே பேசுவதுபோல ஜெர்மன் மொழியில் பொய் சொல்லித் திசைதிருப்புவது இந்த அறையின் வேலை.

நேற்றுவரை இரண்டு பக்கமும் ஆண்கள்தான் பேசினார்கள். ஏமாற்று தெரிந்துபோய், இன்று ஜெர்மானியர்கள் தங்கள் விமானிகளுக்கு வழி சொல்ல ஒரு பெண்ணைப் பேசவிட்டார்கள். பத்தே நிமிடத்தில் சார்ஜென்ட் பெல் ஹெர்த்தாவை அழைத்து உட்காரவைத்துவிட்டார்.

அந்தப் பெண்ணுக்குத் தூக்கம் கலையாத குரல். ஹெர்த்தா அதையே தன் தொண்டையில் வரவழைத்துக்கொண்டாள்.

"தளத்துல பனிமூட்டம். எல்லாரும் வடக்கே திரும்புங்க."

"நம்பாதீங்க, அவ எதிரி," என்றாள் அந்தப் பெண்.

"நம்பாதீங்க, அவ எதிரி," என்றாள் ஹெர்த்தாவும், அதே சலிப்போடு.

மழை பெய்வதுபோல வெறும் இரைச்சல்.

பிறகு ஓர் இளம் விமானியின் குரல் சிரித்தது.

"அம்மணிகளா, சண்டையை நாளைக்கு வெச்சுக்கங்க. எனக்குப் பெட்ரோல் தீரப்போகுது. உங்கள்ல யாரு நிஜ ஜெர்மன்காரி?"

"நான்தான்," என்றாள் அந்தப் பெண், உடனே.

ஹெர்த்தா கண்ணைத் திறந்தாள். பெல் மேஜையைப் பென்சிலால் தட்டினார்.

"நான் பாம்பெர்க்ல பொறந்தவ," என்றாள் ஹெர்த்தா. "பாலத்துக்குப் பக்கத்துல தொப்பிக் கடை. எங்க அப்பா கடை."

"அட, அந்தப் பேச்சு இழுப்பு ஒண்ணு போதுமே. நம்ம ஊருப் பொண்ணு. லீவுல வந்தா கடைக்கு வர்றேன்."

அவன் வடக்கே திரும்பினான். அவன் பின்னால் இன்னும் சிலர். அவன் குரல் மெலிந்து, இரைச்சலில் கரைந்தது.

வடக்கே கடல்தான் இருந்தது.

விடியும் நேரத்தில் ஹெர்த்தா காதிலிருந்து கருவியைக் கழற்றினாள். பெல் தேநீரோடு வந்தார்.

"நல்லாத்தான் கதை விட்டீங்க. அந்தத் தொப்பிக் கடை எப்படித் தோணுச்சு?"

அவள் கோப்பையை வாங்கி மேஜைமேல் வைத்தாள். ஐந்து வருடங்களுக்கு முன் பாம்பெர்க்கில் அந்தக் கடையை உடைத்தவர்கள், அவள் கடவுச்சீட்டில் யூதப் பெண் என்று சிவப்பு முத்திரை குத்தி, நீ ஜெர்மன்காரியே இல்லை என்று நாட்டைவிட்டே துரத்தினார்கள்.

இரவு சொன்ன பொய்களையெல்லாம் பதிவேட்டில் எழுதித் தர வேண்டும். பனிமூட்டத்தை எழுதினாள். வடக்கை எழுதினாள்.

அப்பாவின் கடையை மட்டும் எழுதவில்லை.