பழைய வரிசை

"மூணு மாசமாச்சு, ஒரு அலமாரிகூட மாறல. என்னதான் பண்றீங்க?" புதிதாக வந்திருந்த இயக்குநர் அம்மா கேட்டார்.

உதவியாளர் தலையைச் சொறிந்தார். "அட்டை வரல மேடம்."

"போன மாசம் பசை வரலைன்னீங்க."

"அதுவும்தான் மேடம்..."

உலர்த்திய செடிகளைத் தாளில் ஒட்டிப் பாதுகாக்கும் கூடம் அது. நாற்பது அலமாரிகள். இதழ் தனித்தனியாக இருக்கும் பூக்கள் இடப்பக்கம், ஒட்டிய இதழ்கள் வலப்பக்கம், இதழே இல்லாதவை கடைசியில். யாரோ எந்தக் காலத்திலோ வகுத்த வரிசை. இப்போதெல்லாம் மரபணுவைப் பார்த்துத்தான் பூக்களுக்கு உறவு சொல்கிறார்கள். அதன்படி மாற்றி அடுக்கச் சொன்னதுதான் இயக்குநரின் முதல் உத்தரவு.

"உங்களுக்குச் சோம்பேறித்தனம். வேற ஒண்ணுமில்ல."

உதவியாளர் தலையாட்டிவிட்டுக் கூடத்துக்குத் திரும்பினார்.

மதியம் உதவியாளருக்கு மெமோ தயாரானது. அதை எடுத்துக்கொண்டு இயக்குநரே கூடத்துக்குப் போனார்.

உதவியாளர் மூலையில் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தார். தாள் எடுத்துக் கொடுக்கும் பெரியவர், ஒரு மாணவி கேட்ட செடிக்காக அலமாரிக் கதவுகளை விரலால் தொட்டபடியே நடந்தார். ஏழாவதில் நின்றார். மூன்றாம் தட்டு. உருவி நீட்டினார்.

"நீ கேட்டதுதானாம்மா? பேரை வாசி."

மாணவி வாசித்தாள். சரியாக இருந்தது. வாங்கிக்கொண்டு போனாள்.

இயக்குநர் பெரியவருக்கு நேர் எதிரே போய் நின்றார்.

"அடுத்தது யாரும்மா? உனக்கு என்ன பூ வேணும்?"

இயக்குநர் திகைத்துப் போனார். உதவியாளர் ஓடி வந்து அவரை வராந்தாவுக்கு அழைத்துப் போனார்.

"மன்னிச்சிடுங்க மேடம். அந்தப் பெரியண்ணனுக்குப் பார்வை போய் ஒன்றரை வருஷமாச்சு. ஓய்வு பெற இன்னும் எட்டு மாசம் இருக்கு. வீட்ல அவர் சம்பளம் ஒண்ணுதான்."

"பார்வை இல்லாம எப்படி எடுக்கிறார்?"

"முப்பது வருஷமா நடந்த இடம். இதுவரைக்கும் ஒரு தாள் தப்பினதில்ல."

இயக்குநர் மெமோவை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். குரல் தணிந்திருந்தது. "என்கிட்ட சொல்லியிருக்கலாமே? சோம்பேறின்னு பேர் வாங்கிட்டு நின்னீங்களே."

"அது பரவால்ல மேடம். வரிசையை மாத்தினாத்தான் அவருக்கு நிஜமாவே கண்ணு போகும்."